அக்காவுக்குக் கேட்கும் குரல்கள்

பொன்மலருக்கும் அவள் தம்பி சேந்தனுக்கும் ஒரே நோய்தான் என்று மருத்துவர் சொன்னதை அம்மாவால் நம்ப முடியவில்லை. பொன்மலர் தன் காதில் கேட்கும் குரல்களோடு நாள் முழுக்கச் சண்டை போடுவாள். சேந்தனுக்கு எந்தக் குரலும் கேட்பதில்லை. பேச்சையே விட்டிருந்தான், ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவான்.

அன்று மூவரும் மருத்துவமனை பெஞ்சில் காத்திருந்தார்கள். திடீரென்று பொன்மலர் சுவரைப் பார்த்து, "வாயை மூடுங்க! அவன் ஒண்ணும் சோம்பேறி இல்ல" என்று கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்க்க, அம்மா கூச்சத்தோடு அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னைப் பத்தியாக்கா பேசுறாங்க?"

கேட்டது சேந்தன். பல மாதங்களுக்குப் பிறகு வந்த குரல் கரகரத்தது. அம்மாவின் பிடி தானாகத் தளர்ந்தது.

"ஆமாடா. எப்பவும் உன்னையத்தான் ஏசுறாங்க. நான் விட்டுருவேனா?"

சேந்தன் நகர்ந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்தான். அவள் காதருகே தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"இப்ப என்ன சொல்றாங்க?" என்று அக்காவிடம் கேட்டான் சேந்தன்.

பொன்மலர் கண்ணை மூடிக் கவனித்தாள்.

"ஒண்ணும் சொல்லலடா. நீ பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."