கோணலாய் ஒரு நாற்பத்தொண்ணு

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக் கடையில், பழைய கருவிகள் சேர்க்கும் ஐவன் தலையில் கைவைத்துக்கொள்கிறான். ரமணி நீட்டும் அப்பாவின் பித்தளை அளவுகோல் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. "புளி போட்டுத் தேச்சிட்டீங்களா ஆன்டி? அடையாளமெல்லாம் அழிஞ்சிடும் லா!" அழுக்கோடு எப்படி ஒருத்தர் கையில் கொடுப்பது என்கிறாள் அவள். அவன் ஜன்னல் வெயிலில் அதைச் சாய்த்துப் பிடித்து, சாக்பீஸ் தூளை விரலால் தடவுகிறான். வெளியே மோனோரயில் போகிறது, கண்ணாடி லேசாக அதிர்கிறது. முதலில் ஏதோ சீமைக் கம்பெனியின் பெயர் ஒரே வரிசையில் எழுகிறது. அப்பாவின் அடையாளம் எதுவும் இல்லையே என்று ரமணியின் முகம் வாடுகிறது. அவன் திருப்புகிறான். பின்பக்கம், ஒன்று ஏறி ஒன்று இறங்கி, வெள்ளையாக ஒரு கே, ஒரு நான்கு, ஒரு ஒன்று. "இப்படிக் கோணலா இருந்தா கம்பெனி அடிச்சதில்ல ஆன்டி. வேல செஞ்சவரே அச்சு வெச்சு, சுத்தியலால அடிச்சது." அப்பா கார்த்திகேசு, ஃபிட்டர், நம்பர் நாற்பத்தொண்ணு. ரயில்வே பட்டறையைக் கூட்டிப் பெருக்கியவர்தானே என்று சித்தப்பா சிரிக்கச் சிரிக்க, அம்மா விடாமல் சொல்லிவரும் அதே நம்பர். தூள் உதிராமல் அளவுகோலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, ரமணி மறுகையால் கிள்ளான் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போடுகிறாள். "அம்மா, சித்தப்பாவ வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் இத தொடைக்காம அப்படியே கொண்டு வரேன்."