மூன்றாவது டாக்டர்

“பல்லைச் சுத்தம் பண்ண மூணு டாக்டரா? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட நீங்க ஒரு வீட்டுக்கு மேல ஏறி இறங்கலியே.”

மட்டாஞ்சேரியில் ஆட்டோ ஏறியதிலிருந்து லதீஃபா தன் புருஷனிடம் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். தோப்பும்படி கிளினிக்கில், பல் டாக்டர் சுதீரின் முன்னால் உட்கார்ந்த பிறகும் ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். “இக்காவுக்கு என்ன தொந்தரவு?”

“ஈறுல ரத்தம். வீக்கமும் இருக்கு,” என்றார் பஷீர். “ஆபரேஷன் இல்லாம என்னென்ன வழி இருக்கு, டாக்டர்?”

“ஆரம்பிச்சாச்சா?” என்றாள் லதீஃபா. “முதல் டாக்டர் ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணணும்னாராம். ரெண்டாவது ஆள் லேசர்னாராம். தனியாப் போய்க் கேட்டுட்டு வந்து, சோத்துக்கு உட்கார்ந்தா இதே பேச்சு. மிளகு வியாபாரியில்லையா, நாலு மூட்டையைக் குத்திப் பார்க்காம முடிவு பண்ண மாட்டார். அதான் இன்னிக்கு நானே இழுத்துட்டு வந்தேன். பல்லெல்லாம் கொட்டினப்புறம் முடிவு பண்ணி யாருக்கு என்ன லாபம்?”

“இத்தா சொல்றது சரி. தாமதிச்சா பல்லைத் தாங்கற எலும்பு கரையும். ஈறுக்கு அடியில சுத்தம் பண்றதுதான் அடிப்படை. லேசர் அதுக்குத் துணை. ஆழமா இருக்கற இடத்துல மருந்து ஜெல் வைப்போம், அதுவும் துணைதான். வாய் கொப்பளிச்சா மட்டும் போதாது.”

“எது வலிக்காது?”

“ஊசி போட்டு மரத்துப்போக வெச்சுத்தான் பண்ணுவோம்.”

“ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வர்றவங்களுக்கு?”

“கேக்கற கேள்வியைப் பாரு,” என்றாள் லதீஃபா. “வருஷா வருஷம் ரத்ததானம் பண்ற மனுஷன்.”

“முதல்ல மரத்துப்போற மருந்தைத் தடவிட்டு, அப்புறம்தான் ஊசி. குத்தறது அவ்வளவாத் தெரியாது.”

“சர்க்கரை இருந்தா?”

“உங்களுக்கு ஏது சர்க்கரை? சாயாவுல மூணு கரண்டி போட்டுக் கலக்கற ஆளு.”

“கட்டுக்குள்ள இருந்தா ஈறு நல்லா ஆறும்,” என்றார் டாக்டர்.

பஷீர் கொஞ்சம் தயங்கினார். “ஒரு பல் லேசா ஆட ஆரம்பிச்சிருந்தா? கீழ்வரிசை, முன்னாடி.”

“இப்பவே ஆரம்பிச்சா பெரும்பாலும் காப்பாத்திடலாம்.”

பஷீர் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. டாக்டர் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். டாக்டர் மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தார். சுற்றி வந்து மறுபடியும் பார்த்தார்.

“ரத்தம் எங்கே வருது இக்கா? உங்க ஈறுல ஒரு குறையும் இல்லையே.”

லதீஃபா எதையோ சொல்ல வந்தாள். அதற்குள் அவள் நாக்கு தானாகவே கீழ்வரிசை முன்பல்லைத் தொட்டது. பல் ஆடியது. அது தன் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பஷீர் இறங்கினார். தான் சாய்ந்திருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“அவ பல் தேய்ச்சப்புறம் வாஷ்பேசின்ல ரத்தம் பார்க்கறேன் டாக்டர். கழுவிட்டுத்தான் வருவா. ஓரத்துல கொஞ்சம் தங்கிடும். அவளுக்குன்னு கூப்பிட்டா வரமாட்டா. எனக்குன்னா இழுத்துக்கிட்டு வருவா.”

பிறகு மனைவியின் பக்கம் கையை நீட்டினார்.

“நான் கையைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறேன். ஒரே ஒரு தடவை வந்து உட்காரு, லதீஃபா.”