பசையில் எச்சில்

கல்யாண ஆல்பம் வடிவமைத்துப் பிழைப்பவளுக்கு அந்த மாதம் முழுக்கக் கம்ப்யூட்டர் உயிரை வாங்கியது. வேலை மும்முரமாக நடக்கும்போது பொசுக்கென்று அணைந்துவிடும். செய்ததெல்லாம் போய்விடும். கடைசியில், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தன் தம்பியையே கூப்பிட்டாள்.

அவன் பெட்டியைத் திறந்து, பிராசஸர் மேலிருந்த விசிறியைக் கழற்றினான். "சூடு தாங்காமதான் அணையுதுக்கா. சூட்டை இழுக்க விசிறிக்கு அடியில தடவுற பசை துளிகூட இல்ல. போன மாசம் நான்தானே வெச்சேன்?"

பசை காய்ந்து உதிர்ந்திருக்கவில்லை. வழித்து நக்கிய தட்டு மாதிரி அந்த இடம் பளபளத்தது. அவன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தான்.

"சீ, எச்சில்!"

"அந்த இடுக்குல எறும்புகூடப் போக முடியாதேடா?"

"அதான் எனக்கும் புரியல."

துடைத்துவிட்டுப் புதுப் பசை தடவி, இறுக்கித் திருகிவிட்டுப் போனான். வாரம் திரும்புவதற்குள் மறுபடியும் அணைந்தது. இம்முறை அவளே திறந்தாள். அதே பளபளப்பு, அதே வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தெடுத்தாள். மறுநாள் ஆல்பத்தைக் கொடுத்தாக வேண்டும். தம்பி விட்டுப்போன பசையைத் தடவி விசிறியைப் பொருத்தியவள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் பிதுக்கி, பெட்டிக்குள் ஓரமாக வைத்தாள்.

அதன்பிறகு கம்ப்யூட்டர் ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை.

தினமும் காலையில், அதைப் போடுவதற்கு முன்னால், காலியான மூடியை எடுத்துக் கழுவி நிரப்புகிறாள். எடுக்கும்போது எச்சில் நூலாக இழுபடும். பல்லைக் கடித்துக்கொண்டு அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறாள். இரவெல்லாம் அணைந்து கிடந்த பெட்டிக்குள் அந்த எச்சில் இன்னும் சூடாக இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.