கை குலுக்கும் காட்சி

“இந்த ஆள்கிட்ட சொல்லிடுங்கம்மா. என் கட்டை வேகற வரைக்கும் கை குடுக்க மாட்டேன்!”

நாற்காலியின் கையில் ஓங்கி அறைந்தார் மாஜி ராணுவக்காரர். எதிர் நாற்காலியில் இருந்த அவருடைய தம்பி, விளக்கு வெளிச்சத்தில் வழுக்கை மின்ன, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“அவர் கையை இங்க யார் கேட்டா? அப்படியே குடுத்தாலும் நான் சோப்புப் போட்டுக் கழுவணும்!”

தொடரை இயக்கும் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நாட்டையே இரண்டாகப் பிளந்த ஒரு போரைப் பற்றிய டிவி ஆவணத் தொடர் அது. அந்தப் போர் எல்லையில் நடந்ததைவிட வீடுகளில்தான் அதிகம் நடந்தது. அண்ணன் சீருடை மாட்டிக்கொண்டு போனார். தம்பி போர் வேண்டாமென்று சுவரெல்லாம் எழுதி, ஜெயிலுக்குப் போனார். அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, கடைசிப் பகுதியில் கை குலுக்க வைத்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். நல்ல ஆசைதான். நாலு நாளாக நடக்கவில்லை.

முதல் நாள், போரில் ஒரு பாலத்தைத் தகர்த்தது சரியா தப்பா என்று சண்டை. அடுத்த நாள், முதலில் சுட்டது யார் என்று சண்டை. நேற்று வேறு எதுவும் அகப்படாமல், அந்தக் காலத்து ராணுவ பூட்ஸ் கறுப்பா பழுப்பா என்று மல்லுக்கு நின்றார்கள்.

சாயங்காலம் ஆனால் அண்ணன், “நான் சொல்ல வந்தது சரியா வரலம்மா. நாளைக்கும் வண்டி அனுப்பிடுங்க” என்பார்.

“அவர் வந்தா நானும் வருவேன். பதில் குடுக்காம விட்டுடுவேனா?” என்பார் தம்பி.

நாற்காலி போட வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் டேப் ஒட்டியிருந்தது. காலையில் அதன்மேல் சரியாகப் போட்ட நாற்காலிகள், சாயங்காலம் பார்த்தால் முட்டியோடு முட்டி இடிக்கும் அளவுக்கு நகர்ந்திருக்கும். அடித்துக்கொள்ளத்தான் நெருங்குகிறார்கள் என்று பயந்து, வாட்டசாட்டமான விளக்குக்காரரை அவள் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

போதாததற்கு, இடைவேளை விட்டால் அவளுக்கு இரண்டு போன். “எங்கப்பா விட்டுக் குடுக்கலயே?” என்று அண்ணனின் மகன். “எங்கப்பாவை அந்த வீட்டு ஆளு மடக்கிட்டாரா?” என்று தம்பியின் மகள்.

இன்று மூன்றாவதாக, டிவி நிலையத்து மேலாளரும் கூப்பிட்டார்.

“என்னம்மா, கை குலுக்கினாங்களா இல்லையா? சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா இந்த வாரம் பழைய பகுதியைத்தான் திரும்பப் போடணும். வர்ற திட்டெல்லாம் உனக்குத்தான்.”

“முடிச்சுடறேன் சார்” என்றாள்.

ஆளுக்கொரு அறையில் டீ கொடுக்கச் சொல்லிவிட்டு அவள் உட்காரக்கூட இல்லை, ஒலிப்பதிவாளர் ஹெட்போனோடு வந்தார்.

“மேடம், ரெண்டு பேரும் சட்டையில குத்தின மைக்கைக் கழட்டாம போயிட்டாங்க. இப்ப ஒரே ரூம்ல இருக்காங்க.”

“ஐயையோ! யாராவது போய் விலக்குங்கப்பா!”

விளக்குக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒலிப்பதிவாளர் அவரைத் தடுத்தார்.

“போறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க மேடம்.”

அவள் பதறிப்போய் ஹெட்போனைக் காதில் மாட்டினாள்.

“பிஸ்கட்டை நனைச்சு சாப்பிடுண்ணே. உனக்குப் பல்லு ஆடுது.”

“என் பல்லு கிடக்கு. உன் சுகர் எப்படி இருக்கு?”

“அது இருக்கு. முதல் நாள் உன்னை ரொம்பத் திட்டிட்டேண்ணே.”

“அது நிஜச் சண்டைடா, அதை விடு. மத்த நாளெல்லாம் பிரமாதமாப் பண்ணினே. அந்த பூட்ஸ் விஷயத்துல எனக்கு சிரிப்பே வந்துடுச்சு.”

“வீட்ல பையன் என்ன சொல்றான்?”

“உன் பேரை எடுத்தாலே குதிக்கிறான். போர் முடிஞ்சப்புறம் பொறந்த பய! டிவில உன்னை நார் நாராக் கிழிக்கப் போறேன்னு சொன்னாத்தான் வாசல் தாண்ட விடறான்.”

“என் பொண்ணும் அதே லட்சணம்தான். இந்த ஷூட்டிங் முடிஞ்சா நாம எங்கண்ணே பார்த்துக்கறது?”

“முடிய விட்டாத்தானே! நாளைக்கு எதுக்கு சண்டை போடலாம், அதை யோசி.”

அவள் கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. மேலாளர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த சிரிப்பை அடக்கி, குரலில் முடிந்தவரை சோகத்தைக் கூட்டிக்கொண்டாள்.

“நிலைமை ரொம்ப மோசம் சார். இன்னும் ஒரு வாரமாவது அடிச்சுப்பாங்க.”