பிரிண்டர் அண்ணன் கெத்து

வீட்டுக் கம்ப்யூட்டர்ல பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழிச்சுட்டு, யார் வேணா சும்மா எடுத்துக்கலாம்ங்கிற லினக்ஸை ஏத்துறாங்கன்னு கேட்டதும் பிரிண்டருக்கு ஒரே குஷி. "என்கூட வந்த டிரைவர் சிடியைப் போட்டாத்தான் நான் வாயைத் திறப்பேன். அது தொலைஞ்சு மூணு வருஷமாச்சு. வர்றவன் என்கிட்ட கெஞ்சணும், பாரு!"ன்னு மவுஸ்கிட்ட அலட்டிக்கிச்சு.

அரை மணி நேரத்துல லினக்ஸ் வந்து உக்காந்துச்சு. "வணக்கம்ணே! உங்களை எனக்கு நல்லாத் தெரியும். சிடியெல்லாம் எதுக்கு? ஒரு பக்கம் அடிங்க."

பிரிண்டர் யோசிக்கிறதுக்குள்ள பேப்பர் வெளியே வந்து விழுந்துச்சு.

மவுஸுக்குச் சிரிப்புத் தாங்கல. "என்னண்ணே, இவ்ளோ சீக்கிரம் வாயைத் திறந்துட்டீங்க?"

பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கிச்சு. "அடுத்த பக்கம் முடியாது. மஞ்சள் இங்க் தீந்துபோச்சு."

"கறுப்பு எழுத்துதானேண்ணே?"ன்னுச்சு லினக்ஸ்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மஞ்சள் வந்தாத்தான் கறுப்பு!"