சண்டைக்கும் ஒரு ஸ்டிக்கர்

"வாயிருக்கிற மனுசன் தேத்தண்ணி கேக்கிறதுக்கும் ஒரு போனா, மச்சான்?" என்று சிரித்தாள் றிஸ்மியா.

அவள் கணவன் நஸ்மின், குசினிக் கதவில் ஒட்டிய வட்ட ஸ்டிக்கருக்குக் கிட்டப் போனைக் கொண்டுபோனான். "புள்ள, தேத்தண்ணி ஒண்டு தா" என்று, அவன் முன்பே பதிந்து வைத்த குரலில் போன் கேட்டது.

"பாத்தியா? எழுதவும் தேவல்ல, தேடவும் தேவல்ல."

வாசலில் ஒட்டியது ஸலாம் சொன்னது. கட்டிலில் ஒட்டியது, "முதுகைத் தேச்சு விடு" என்றது.

"எல்லாம் வேலை ஏவுறதுதான். பெரிய குறை ஒண்டு இரிக்கி."

"கெதியாச் சொல்லு புள்ள. நாளைக்குக் கொழும்பில ஒப்பரேசன் செஞ்சு குரல்வளையை எடுத்திருவாங்க. மறுகா என்னால பதிய ஏலா."

றிஸ்மியா அவன் தொண்டையைப் பார்த்துச் சொன்னாள்.

"'இது எங்கட உம்மா எனக்குத் தந்த ஊடு'ண்டு நான் கோவத்தில ஏசக்க, நீங்க பதிலில்லாம நிண்டா என்னால தாங்க ஏலா. அதுக்கும் ஒண்டு பதிங்க."

நஸ்மின் போனை வாயருகே பிடித்தான். "ஊடு உன்டதான். ஊட்டுக்காரி என்ட ஆள். கத்தினது போதும், சோத்தைப் போடு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் றிஸ்மியா.

"இதை எங்க ஒட்ட?"

"எல்லா இடத்திலயும் ஒட்டுங்க மச்சான். எங்க நிண்டு ஏசுவனெண்டு எனக்கே தெரியா."