நாலாவது தம்ளர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தொலைந்துபோன ஒரே ஒரு வாக்கைத் தேடின வீட்டின் கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், சீக்கிரம் முடிந்துவிடும்.

அந்த வீட்டுக்காரர் ஒரு பெயின்டர். நாலு தம்ளரைத் தரையில் வரிசையாகக் கவிழ்த்தார். அப்புறம் அதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தார்.

"நாம நாலு பேர். நம்ம சாவடியில எனக்கு விழுந்த ஓட்டு மூணு. உங்கள்ல ஒருத்தர் என் முதுகுல குத்தியிருக்கீங்க. யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் மகளும் தம்பியும் அந்த ஒற்றைத் தம்ளரையே பார்த்தார்கள்.

வாக்கு எண்ணி முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சட்டமன்றத்துக்கு முதல்முறையாக, அதுவும் சுயேச்சையாக நின்றவர் அவர். முக்காலிச் சின்னம். தொகுதி முழுக்கச் சேர்த்து இருநூற்றுச் சொச்சம் வாக்கு. அதைக்கூட மனுஷர் தாங்கிக்கொண்டார். எந்தச் சாவடியில் எத்தனை என்று பிரித்து எழுதின தாளைக் கையில் வாங்கினதிலிருந்துதான் ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

இருபத்தாறு வருஷம் நங்கூரக் கட்சிக்குச் சுவர் எழுதினவர். தெருச் சாக்கடையைச் சரிசெய்வோம் என்று ஐந்து தேர்தலுக்கு ஒரே சுவரில் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். ஆறாவது தடவை எழுதக் கூச்சப்பட்டுத்தான், நானே நிற்கிறேன் என்று கிளம்பினார். முதல் நாள் வீட்டுச் சுவரில் முக்காலி வரைய உட்கார்ந்தவர், பேச்சுவாக்கில் நங்கூரத்தைப் போட்டு முடித்து, மகள் கைகொட்டிச் சிரித்த பிறகு அவசரமாக வெள்ளையடித்தார். அப்போதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

இதில் தெருக்காரர்கள் வேறு. மளிகைக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு டீச்சர் என்று ஒவ்வொருவராக வந்து, "எங்க ஓட்டு உங்களுக்குத்தாங்க" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்த மூன்று வாக்கை அதுவரைக்கும் பதினோரு பேர் போட்டிருந்தார்கள்.

"நான் போட்டேண்ணே," என்றான் தம்பி. "லேத்துப் பட்டறையில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்து போட்டேன். நம்பலைன்னா சொல்லுங்க, வேற வீடு பார்த்துக்கிறேன்."

"குத்தம் பண்ணினவன்தான் முதல்ல மூட்டையைக் கட்டுவான்."

"எனக்கு இதுதாம்பா முதல் ஓட்டு," என்றாள் மகள். "அதைப் போயி வேற யாருக்காவது போடுவேனா?"

"முதல் ஓட்டுல்ல? பதட்டத்துல மாத்தி அமுக்கியிருப்பே."

"பட்டனுக்குப் பக்கத்துலயே முக்காலி படம் இருக்குப்பா. மாத்தி அமுக்க நான் என்ன குழந்தையா?"

பெயின்டர் மனைவி பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன் நங்கூரக் கட்சியில வட்டச் செயலாளர். ஏதாவது சொல்லியிருப்பாரே."

"அவர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கேன்? உங்களைக் கட்டிக்க வேணாம்னும்தான் சொன்னார்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

மனைவி என்னதான் செய்வாள், பாவம். அட்டை மறைப்புக்குள் தனியாக நின்று அமுக்கினதை யாரைக் கூட்டிவந்து சாட்சி சொல்லவைப்பாள்? விரலில் மை மட்டும் இன்னும் அழியாமல் இருந்தது. யாருக்குப் போட்டாள் என்று அந்த மைக்குச் சொல்லத் தெரியாது.

தம்பி எழுந்து பரண் மேலிருந்த பையை இறக்கினான். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாக்கடைக்காக நின்ற தேர்தல் வீட்டையே இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது.

மனைவி தட்டில் சாப்பாட்டைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நான்தாங்க."

"என்ன நீதான்?"

"நான்தான் உங்களுக்குப் போடலை. அண்ணன் பேச்சைக் கேட்டுட்டேன். தம்பியைத் தடுங்க, புள்ளையைக் கூப்பிடுங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க, இப்ப சாப்பிடுங்க."

பச்சைப் பொய். சொல்லி முடித்துவிட்டு, அவர் கத்துவார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கத்தவில்லை. தட்டைத் தொடவும் இல்லை. பெயின்ட் ஏறிக் காய்த்துப்போன தன் வலதுகை விரல்களை விரித்து, யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போட்டே," என்றார் மெதுவாக. "மூணு பேருமே போட்டீங்க."

"தெரிஞ்சுமா ரெண்டு நாளா இந்தப் பாடு?"

"யாராவது ஒருத்தர் ஒத்துக்கிட்டா, நானும் அப்படியே நம்பிடலாம்னு பார்த்தேன். முடியலை."

தள்ளி வைத்திருந்த அந்த நாலாவது தம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்தக் கை தன் பாட்டுக்கு நங்கூரத்துல போயி அமுக்கிடுச்சு."

உங்கள் வீட்டில் எத்தனை தம்ளரோ, அத்தனையும் என்றைக்கும் ஒரே வரிசையில் நிமிர்ந்தே இருக்கட்டும், கண்ணுகளா.